கோலார் தங்கவயலில் ஒரு நாள்

"கே.ஜி.எஃப் போயிட்டு வந்தேன்" என்று சொன்னால் கல்லூரியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அந்த செட் இன்னும் இருக்கா?" என்பதுதான். 2018-லும் 2022-லும் வந்த இரண்டு கன்னடப் படங்கள் செய்த வேலை அது. 2024-ல் 'தங்கலான்' வந்த பிறகு கேள்வி கொஞ்சம் மாறியது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஊரை யாரும் கே.ஜி.எஃப் என்று சொல்வதில்லை. பாட்டி "தங்கவயல்" என்பார். அதற்கும் முந்தின தலைமுறை வெறுமனே "கோலாரு" என்றுதான் சொல்லுமாம். உண்மையில் கோலார் நகரம் வேறு, அது சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. தங்கவயலுக்குப் போனவர்கள் எல்லோரையும் "கோலாருக்குப் போனவன்" என்று சொல்வதுதான் எங்கள் வடஆற்காட்டு வழக்கம்.

என் கொள்ளுத்தாத்தா அப்படிப் போனவர்களில் ஒருவர். 1920களின் கடைசியில் குடியாத்தம் பக்கத்து கிராமத்திலிருந்து கிளம்பிப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர், இருமலோடு ஊர் திரும்பி 1953-ல் இறந்துவிட்டார். அவருடைய கடைசி மகன், எனக்குச் சின்ன தாத்தா, தாய்மாமனோடு மறுபடியும் தங்கவயலுக்கே போய் 1968-லிருந்து 2001 வரை சுரங்கத்தில் வேலை பார்த்தார். இப்போது 77 வயது. சாம்பியன் ரீஃபில் பழைய லைன் வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்க்கவும், ஊரைச் சுற்றவும் பரீட்சை முடிந்த கையோடு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன்.

குடியாத்தத்திலிருந்து ரயிலில் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டினால் பங்காரப்பேட்டை. பழைய பெயர் பவுரிங்பேட்டை, மைசூரின் கமிஷனராக இருந்த பவுரிங் துரையின் பெயர். 'பங்காரு' என்றால் தங்கம். வெள்ளைக்காரர் பெயரை நீக்கிவிட்டுத் தங்கத்தின் பெயரை வைத்துக்கொண்ட ஊர்! அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை பிரிகிறது. 16 கி.மீ. தூரம்தான். 1894-ல் சுரங்கங்களுக்காகவே போட்ட பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக நிலையங்கள். எல்லாமே சுரங்கம் இருந்த இடங்கள். காலை பத்து மணிக்கு நான் போன பெட்டியில் என்னைத் தவிர ஆறு பேர். அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பியனில் இறங்கியதும் கண்ணில் படுவது மலைகள். மலை என்று நினைத்தால் மலை இல்லை. தட்டையான உச்சி, சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், மழை அறுத்த ஓடைகள். நூற்றிருபது வருஷம் பாறையை மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு கொட்டிய சக்கை அது. ஊரில் சயனைடு மேடு என்கிறார்கள். மொத்தம் 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். ஆடி மாசக் காற்றில் அந்தத் தூள் பறந்து வீட்டுக்குள் சோற்றிலேயே வந்து விழும் என்று சின்ன தாத்தா சொன்னார். நான் போனது காற்றில்லாத நாள். மேட்டின்மேல் ஆடுகள் ஏறிக்கொண்டிருந்தன.

இனி கொஞ்சம் வரலாறு. கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று பொது அறிவுப் புத்தகத்தில் கேட்டால் இரண்டு பெயர்கள் வரும். முதலாமவர் லெப்டினென்ட் ஜான் வாரன். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லையை அளப்பதற்காக 1802-ல் இந்தப் பக்கம் வந்தவர். மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு காதில் விழ, காட்டுகிறவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகம் பக்கத்து ஜனங்கள் மண்ணை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண் முன்னால் தண்ணீரில் அலசி, தங்கப் பொடியை எடுத்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் முக்கியம். அங்கே பறையர் மக்கள் குழிக்குள் இறங்கிப் பாறையை வெட்டிக் கூடையில் ஏற்றிக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அதை இடித்து அலசிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் வாரன் எழுதி வைத்தார்.

ஆக, வாரன் வரும்போதே அங்கே சுரங்கமும் இருந்தது, சுரங்கத் தொழிலாளியும் இருந்தார். இதற்குப் பெயர் கண்டுபிடிப்பு என்றால், பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டுத் தெரிந்துகொண்டவனும் ஊரைக் கண்டுபிடித்தவன்தான்!

இரண்டாமவர் லவெல் என்ற ஐரிஷ்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூரில் குடியிருந்தவர். வாரனின் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார். 1875-ல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமையும் வாங்கினார். ஆனால் கையில் பணம் இல்லை. உரிமையை ராணுவ அதிகாரிகள் சிலரிடம் விற்றுவிட்டார். பெங்களூரில் பெரிய ஹோட்டல்கள் இருக்கிற லவெல் ரோடு இவர் பெயரில்தான். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. அவர்களுக்கும் முதல் சில வருஷம் நஷ்டம்தான். பங்குதாரர்களின் பணம் கரைந்து, கடையைக் கட்டிவிடலாம் என்ற நிலை. மிச்சமிருந்த பணத்தைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று ஜான் டெய்லர் அவர்களைச் சம்மதிக்க வைத்தார். பழைய காலத்து ஆட்கள் தோண்டி விட்டுப்போன குழிகளின் அடி வரைக்கும் போய், அதற்கும் கீழே இறங்கியபோதுதான் சாம்பியன் ரீஃப் என்ற அந்தப் பெரிய தங்க ரேகை தட்டுப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தங்கம் எங்கே இருக்கிறது என்று அடையாளம் காட்டியது அந்தக் குழிகள். அவற்றை வெட்டியவர்கள் யார், எந்தக் காலத்தவர்கள் என்று பெயர் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வெட்டிய ஒவ்வொரு குழிக்கும் பெயர் உண்டு: கிஃபோர்டு ஷாஃப்ட், ஹீத்கோட் ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட்... ஊருக்கும் ராபர்ட்சன் பேர், ஆண்டர்சன் பேர்.

சின்ன தாத்தா வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம். வெயில் உறைக்கவில்லை. தங்கவயல் உயரமான இடம், காற்று நன்றாக இருக்கும். வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று சொன்னார்களாம். அந்தப் பக்கம் போனால் ஏன் என்று புரியும். பெரிய பெரிய மரங்கள், சரிவான கூரை வைத்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், மாதா கோயில். சில பங்களாக்களில் கதவு ஜன்னல்கூட இல்லை. இங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் லைன்கள். ஒட்டி ஒட்டி ஒரே அளவில் வரிசை வீடுகள், முன்னால் சந்து. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாம்பியன் ரீஃபின் பெரிய இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் இருந்த சக்கரம்தான் கூண்டை இறக்கி ஏற்றியது. சுற்றிலும் முள்வேலி.

"எவ்வளவு ஆழம் தாத்தா?"

"அடி வரைக்கும் ஒரே கூண்டுல போவ முடியாது கண்ணு. பாதி தூரம் இது. அப்புறம் உள்ளயே நடந்து போய் வேற கூண்டு. அதுக்கப்புறம் இன்னொண்ணு."

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கி.மீட்டருக்கும் மேல். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்புவார்கள். அப்படியும் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்றார். அதைவிட பயம் 'ஏர் பிளாஸ்ட்'. மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் சுரங்கத்தின் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். பூகம்பம் போல ஊரே குலுங்கும். லைன் வீட்டில் பாத்திரம் உருண்டால் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கோபுரத்தடிக்கு ஓடிவந்து நிற்பார்களாம். சின்ன தாத்தா இதைச் சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இல்லை. எனக்குத்தான் நடை தடுமாறியது.

இந்தச் சுரங்கத்துக்காக என்னென்ன வந்தது என்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, 1902-ல் காவிரியில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து இங்கே கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர் நகரத் தெருவுக்கு மின்விளக்கு 1905-ல்தான் வந்தது! தண்ணீருக்குப் பேத்தமங்கலம் ஏரி. பாலாற்றுத் தண்ணீர். எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அந்த ஆறு தங்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

இன்னொரு விஷயம். பௌதிகம் படிக்கிற நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நியூட்ரினோ என்ற துகள் எதிலும் முட்டாமல் பூமியையே ஊடுருவிப் போகும். அதைப் பிடிக்க வேண்டுமானால் மற்றக் கதிர்கள் வராத ஆழமான இடம் வேண்டும். 1965-ல் டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, தங்கவயலில் 2 கி.மீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் பிடித்தது. அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். சின்ன தாத்தாவிடம் இதைச் சொன்னதும், "ஆமா, சயின்டிஸ்ட்டுங்க வருவாங்க. பொட்டி பொட்டியா எறக்குவாங்க. நம்மாளுங்கதான் தூக்கினு போவாங்க" என்றார். அதற்குமேல் அவருக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை.

தொழிலாளிகளில் பெரும்பாலோர் வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து போனவர்கள். அதிலும் தலித் மக்களே அதிகம். கிராமத்தில் நிலம் கிடையாது, கூலிக்கு மரியாதை கிடையாது. இங்கே வந்தால் பாதாளத்தில் வேலை என்றாலும் மாசச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த ஊரின் உண்மையான வரலாறு என்று நினைக்கிறேன். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. 1907-ல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்கு இங்கே வாசகர்கள் உண்டு. 1914-ல் அவர் மறைந்த பிறகு, 1920களில் அந்தப் பத்திரிகையே தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஜி. அப்பாத்துரையார் இங்கிருந்து அதை நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகம் இங்கிருந்து புத்தகம் போட்டது. பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள் ராத்திரி பள்ளிக்கூடம் நடத்தி, படித்து, அச்சடித்து, விவாதித்திருக்கிறார்கள்.

தலை நிமிர்ந்து நிற்கவும் செய்தார்கள். தங்கம் திருடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தொழிலாளிகளைச் சோதனை போடுவதும் கண்காணிப்பதும் அங்கே எப்போதும் உண்டு. எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று 1930-ல் உத்தரவு வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளிகள் இறந்தார்கள். பின்னாளில் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. உறுப்பினரை அனுப்பிய ஊர் என்ற பெருமையும் (அல்லது வேடிக்கையும்) தங்கவயலுக்கு உண்டு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். எங்கள் வீட்டில் அவர் இறந்தது காச நோயால் என்றுதான் சொல்வார்கள். ஊர் டாக்டர் ஒருவர் அப்படித்தான் சொன்னாராம். அதனால் அவருடைய தட்டும் டம்ளரும் தனி, படுக்கை மாட்டுக் கொட்டகையில். பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார்கள். கடைசிப் பிள்ளையான சின்ன தாத்தாவுக்கு அப்போது ஐந்து வயது.

"அப்பா என்னைத் தூக்கினதே எனக்கு ஞாபகம் இல்ல கண்ணு. தூரத்துல நின்னு கையைக் காட்டுவாரு. அவ்ளோதான்."

சிலிக்கோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. பாறையைத் துளை போடும்போது பறக்கிற நுண்ணிய தூள் நுரையீரலில் போய்த் தங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கிவிடும். இருமல், மூச்சுத் திணறல், உடம்பு இளைப்பது என்று பார்ப்பதற்குக் காசம் மாதிரியே இருக்கும். சிலருக்கு அதன்மேல் காசமும் வந்து சேரும். ஆனால் சிலிக்கோசிஸ் மட்டும் இருந்தால் அது யாருக்கும் தொற்றாது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தது இதே தங்கவயலில்தான். 1940-லிருந்து 1946 வரை 7,653 தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்ததில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். 1947-ல் இது வெளியானது. என் கொள்ளுத்தாத்தா இறந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

இந்த எண்ணைச் சின்ன தாத்தாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ஒட்டாதா அது?" என்று கேட்டார்.

"தூசினால மட்டும் வந்ததா இருந்தா ஒட்டாது தாத்தா."

"தூக்கியிருக்கலாம்" என்றார். எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

சுரங்கம் மூடிய கதை பலருக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசிடம் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் வந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேலும் தங்கம் கிடைத்தது உண்டு. கடைசியில் மூன்று, நான்கு கிராம். எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கிற செலவு அதிகமாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல். பம்புகள் நின்றதும் கீழே தண்ணீர் ஏறியது. மறுபடி திறப்பார்கள் என்ற பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் உலக அளவில் டெண்டர் விடலாம் என்றது. 2024-ல் சயனைடு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. "மண்ணைத் திருப்பி அரைப்பாங்களாம்" என்று சின்ன தாத்தா சிரித்தார்.

சாயங்காலம் என்னை வழியனுப்ப மாரிக்குப்பம் வரைக்கும் வந்தார். ரயில் அங்கிருந்துதான் கிளம்பும், உட்கார இடம் கிடைக்கும் என்பது காரணம். நாள் முழுக்க ஊரில் வாலிப வயதில் யாரையும் அதிகமாகப் பார்க்கவில்லையே, எவ்வளவு அமைதியான ஊர் என்று நான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து வருகிற வண்டி ஏற்கெனவே தாமதம். நடைமேடையில் நான், அவர், ஒரு சுண்டல்காரர், இரண்டு நாய்.

அப்புறம் வண்டி வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் குதிக்கிறார்கள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் காலி டிபன் டப்பா. ஆண்கள், பெண்கள், என் வயதுப் பையன்கள். செக்யூரிட்டி வேலை, மால் வேலை, ஆஸ்பத்திரி, ஆபீஸ், கட்டட வேலை என்று விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போனவர்கள். எல்லோரும் தமிழில் பேசிக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டி லைன்களைப் பார்த்து வேகமாக நடந்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் சுண்டல் பாத்திரம் காலி.

"முன்னெல்லாம் ஷிஃப்ட் முடிஞ்சா கூண்டுலேர்ந்து இப்படித்தான் வருவாங்க" என்றார் சின்ன தாத்தா. "நீ ஏறி ஜன்னலாண்ட ஒக்காரு. பங்காரப்பேட்டையில எறங்க மறந்துடாத, இல்லாட்டி இந்த வண்டி பெங்களூருக்கே இட்டுனு போயிடும்."